என்.ஆர்.வி. வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்

என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும், திரும்பிப் போக விடாது. தெருக்குழாயில் சப்ளை நின்றதும் அழுத்தம் இறங்கிவிடும். யாராவது அந்த லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் குழாய்க்குள் வெற்றிடமே உண்டாகும். அந்த நேரத்தில் உங்கள் சம்ப்பில் குழாய் முனை மூழ்கியிருந்தால், சம்ப் தண்ணீர் தெருக்குழாய்க்குள் இழுபடும். போர் லைனையும் மெட்ரோ (ஊர்க் குடிநீர்) லைனையும் ஒரே ‘T’ வடிவ இணைப்பில் சேர்த்து, நடுவில் வெறும் கேட் வால்வு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் ஆபத்தானவை. அந்த வால்வு கசிந்தால் மோட்டார் ஓடும்போதெல்லாம் போர் தண்ணீர் ஊர்க் குடிநீரில் கலக்கக்கூடும். அந்த இணைப்பை வெட்டி எடுத்துவிடுங்கள், என்.ஆர்.வி. அதற்கு மாற்று ஆகாது.

அடுத்தது செலவே இல்லாத வேலை. சம்ப்பின் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல இரு மடங்கு உயரத்தில், குறைந்தது 25 மி.மீ. விட்டு, குழாய் முனை நிற்க வேண்டும்.

பிறகு வால்வு. மீட்டரையும் அதற்கு முந்தைய லைனையும் தொடாதீர்கள். மீட்டரைத் தாண்டி பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் ‘ball’ வால்வு), யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு), என்.ஆர்.வி., இன்னொரு யூனியன், இன்னொரு பால் வால்வு என்று வரிசையாக வர வேண்டும். இரண்டு யூனியனும் இல்லையென்றால் வால்வைக் கழற்ற குழாயையே அறுக்க வேண்டிவரும்; பிளம்பர் ஒன்று போதும் என்றால் கேட்காதீர்கள். தரைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் சுவரோடு கிளாம்ப் போட்டு வையுங்கள். குழிக்குள் வைத்தால் மழையில் குழி நிரம்பும். கசியும் யூனியன் வழியே அந்த அழுக்குத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். சிமென்ட் போட்டு மூடிய வால்வு வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

சப்ளை அழுத்தம் குறைவான தெருவென்றால் ரப்பர் சீட் உள்ள பித்தளை ஸ்விங் வகை நல்லது; அதில் ஒரு மடல் கதவு போலத் திறந்து, மூடும்போது சீட்டில் வந்து அமரும். ஸ்பிரிங் வகையில், ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும். ஸ்விங் வால்வைப் படுக்கையாக, மூடி மேலே பார்த்திருக்கப் பொருத்துங்கள். தண்ணீர் மேலேறும் செங்குத்துக் குழாயிலும் வைக்கலாம், கீழிறங்கும் குழாயில் கூடாது: மடல் எப்போதும் திறந்தே தொங்கும். அம்புக்குறி வீட்டுப் பக்கம் காட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு முன் லைனைத் திறந்து மண்ணும் பிளாஸ்டிக் துருவலும் போகும்வரை தண்ணீரை ஓட விடுங்கள். புது வால்வு கசிவதற்குப் பெரும்பாலும் மடலில் சிக்கிய ஒரு மணல்துகளே காரணம். டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள், பிசிறு உள்ளே போகாது. பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பால் வால்வுகளை மூடி, யூனியன்களை அவிழ்த்து வால்வை வெளியே எடுங்கள். அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்திப் பிடித்து, மேல் வாயில் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒழுகினால் மூடியைத் திறந்து சீட்டைத் துடையுங்கள். ரப்பர் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள்.