உன்னிச்சையில் ஐந்தாம் இரவு

நான்கு இரவு வெறுங்கையோடு திரும்பிய பிறகு, கடைசியில் நிலா அந்துப்பூச்சி வந்துவிட்டது.

இடம் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துப் பக்கம், மாமி வீட்டு வளவு. பின்வேலியைத் தாண்டினால் காடு. முதல் இரண்டு தடவையும் வெள்ளைச் சீலையைக் கயிற்றில் கட்டி, வீட்டு எல்இடி பல்ப்பைத் தொங்கவிட்டேன். என் பிழைதான். பூச்சிகளை அதிகம் இழுப்பது புறஊதா ஒளி. சாதாரண எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. நெல்வயலிலிருந்து மஞ்சள் தண்டுதுளைப்பான் பூச்சிகள்தான் வந்து மொய்த்தன. மூன்றாம் தடவை 160 வாட் பாதரச விளக்கோடு போனேன், அதுவும் பூரணையன்று! நிலவு காய்ந்தால் விளக்கின் இழுப்பு குறைந்துவிடும். நான்காவது இரவு, பதினொரு மணிக்கே காட்டுப்பக்கம் கிளை முறியும் சத்தம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்ன மகன், யானைக்கு லைட் பிடிக்கிறியா?" என்றா மாமி.

சரி, ஐந்தாவது தடவை அமாவாசைக்கு மறுநாள். இரவு ஒன்றரை மணி இருக்கும், வௌவால் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன். சீலையில் வந்து ஒட்டியது வெளிர்பச்சையில், உள்ளங்கையை நிறைக்கும் அளவு. சீப்புப் போல அகன்ற உணர்கொம்பு, ஆகவே ஆண். நீண்ட வால் இரண்டில் ஒன்று பாதி இல்லை. பறக்கும்போது இந்த வால் சுழன்று வௌவாலுக்குப் போகும் எதிரொலியைக் குழப்பும். உடலுக்குக் குறிவைத்த வாய் வாலைக் கவ்வும். இதற்கோ உண்ண வாயே கிடையாது. புழுவாகத் தின்று சேர்த்ததை வைத்து ஒரு வாரம் போல வாழும். இருக்கிற நாட்களை என் சீலையில் கழிக்க வேண்டாம் என்று, நாலு படம் எடுத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

"இது இப்பதான் இஞ்சால வந்திருக்கோ?" என்று மச்சான் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் முடிந்த 2009 வரை இந்தப் பக்கம் காட்டோரத்தில் நடுச்சாமத்தில் விளக்கு எரித்து நிற்க யாருக்குத் துணிவு இருந்தது? பூச்சி இருந்தால் மட்டும் வரைபடத்தில் புள்ளி விழாது. அங்கே விளக்கோடு ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும். அதனால் உயிரினங்களைக் கண்ட இடத்தைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தைப் போட்டதோடு விடாமல், வராத நான்கு இரவுகளையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்: எந்த விளக்கு, எத்தனை மணிநேரம், நிலவு எப்படி. பின்னால் யாராவது கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்றால் ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

அப்புறம், இதன் புழு தின்னும் மரங்களில் ஒதியும் ஒன்று. ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று இளக்காரம் பண்ணுவார்களே, அதே மரம். மாமி வீட்டு வேலியில் ஏழு ஒதிக் கதியால்கள் நிற்கின்றன. கம்பி வேலி போட மாமா அவற்றை வெட்டப் பார்க்கிறார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஏணி வைத்து ஏறி இலை இலையாகத் தேடினேன். முசுறு எறும்பு கடித்ததுதான் மிச்சம்.