வேளாங்கண்ணி நடைபயணம்: வரிசையின் கடைசியில் வருபவர்

வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடக்கும் குழுக்களில், மாதா சப்பரத்தைத் தள்ளப் போட்டி போடுவார்கள். வரிசையின் கடைசியில் நடக்கத்தான் ஆள் கிடைக்காது. பிறரன்புக்கு அதிக வேலை இருப்பதோ அங்கேதான்.

சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் அரை மணி நேரம் படுத்து எழுவார்கள். பின்தங்கிய அம்மா வந்து உட்கார்ந்ததும், "சரி, கிளம்பலாம்" என்று குரல் வரும். களைத்தவருக்கு ஓய்வே இல்லாமல் போகிறது; மூன்றாம் நாள் அவர் விழுந்துவிடுகிறார். எனவே ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே கணக்கிடுங்கள். மெதுவாக நடப்பவர்களை முன்னால் விட்டு, நல்ல தெம்புள்ளவர் டார்ச்சும் ஒளிரும் பட்டையுமாகக் கடைசியில் வரட்டும்.

இரவில் பாதங்களைப் பார்ப்பது அடுத்த வேலை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கோவில் பீடத்தின் முன் நடக்கும் பாதம் கழுவும் சடங்கு, இங்கே ஒவ்வொரு இரவும் தார்ச்சாலைப் புழுதியோடு நடக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. சர்க்கரை நோயாளிகள் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் காயம் வலிக்காது. அதனால் உள்ளங்காலை இன்னொருவர் வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டும். அவர்களுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். புண் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வேளாங்கண்ணியின் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், குழந்தையோடு வந்த தாய் கேட்டதும், விற்க வைத்திருந்த மோரையே கொடுத்தான் என்பது வேளாங்கண்ணி மரபு. வழியில் மோர்ப்பந்தல் போடுபவர்களுக்கு அவனைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றினால், 200 மில்லி தம்ளரில் 25 பேருக்கு வரும். தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். எங்கோ வாங்கிய ஐஸ் வயிற்றைக் கெடுக்கும். உப்பு போடாத மோர் கொஞ்சம் தனியே இருக்கட்டும். பந்தலை யாத்திரிகர்கள் நடக்கும் பக்கத்திலேயே போடுங்கள். எதிர்ப்பக்கம் போட்டால் களைத்தவர்கள் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடப்பார்கள். முக்கியமாக, ஒரு பானையைத் திறக்காமல் வையுங்கள். முதலில் வருபவர்கள் இரண்டு தம்ளர் குடித்துவிட்டுப் போக, கடைசியில் வருபவருக்குக் காலிப் பானைதான் மிஞ்சும்.

வேளாங்கண்ணிக்குள் நுழைந்ததும் கூட்டம் குழுவைச் சிதறடித்துவிடும். சந்திக்கும் இடத்தை நாகப்பட்டினத்திலேயே பேசி வையுங்கள். மாதா குளத்துக்கு மணலில் முழங்காலிட்டுப் போகும் வேண்டுதலைக் காலை வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, கடைசியாக வந்தவரை முன்னால் விட்டுக் கோவிலுக்குள் போங்கள்.