894.811

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர்களைப் பகுதிநேர வேலைக்கு எடுக்கிறார்களாம். தம்பி போனில் சொன்னான். பஸ் காசும் மதியச் சாப்பாடும் போக, திருநெல்வேலி ஜங்ஷனில் கால் கிலோ அல்வா வாங்க மிஞ்சும் சம்பளம். யோசிக்காமல் சேர் என்றேன்.

நானும் அங்கே இரண்டு வருடம் புத்தகம் அடுக்கியவன்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. கடைசி 1ஐ அவசரத்தில் 2 என்று படித்துவிட்டால் புத்தகம் செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்குப் போய்விடும். அப்படி நான் அனுப்பிவைத்த ஒன்றுக்காக ஓர் ஆய்வு மாணவி மூன்று நாள் நடந்தார். நான்காம் நாள் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன், யார் வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நண்பன் வீட்டுப் புத்தகங்கள் நனைந்தன. வெயிலில் போடப் போனவனைத் தடுத்து, இருபது பக்கத்துக்கு ஒரு தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் நிற்கவைத்தேன். நூலகத்தில் கற்றதுதான். பாதிக்கு மேல் பிழைத்தன.

தம்பி பிறகு நூலக அறிவியலில் பட்டம் வாங்கினால் டி.என்.பி.எஸ்.சி. நூலகர் தேர்வும் எழுதலாம். அது அவன் பாடு. இப்போதைக்கு, முதல் நாள் வெள்ளைச் சட்டை போடாதே என்று சொல்லியிருக்கிறேன். மேல்தட்டுத் தூசி அப்படி.