உப்பு என்ற சொல்லை இழந்த பெண்: என் அரண்மனை நாவல் இதுவரை

போன தைப் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். பதினைந்து வயதுப் பெண், ஒரு அரசவை, கொஞ்சம் மாயம், ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள் கீழே வைக்காமல் படிக்கிற மாதிரி ஒரு கதை. இப்போது ஐப்பசி. 18 அத்தியாயம் கையில் இருக்கிறது, கிட்டத்தட்ட 41,000 சொல். அதற்கு முன்னால் 22,000 சொல் எழுதி அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன், அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் வடிவத்தில் மலைமேல் ஒரு கற்கோட்டை இருந்தது. உயரமான கோபுரம், இரும்புக் கதவு, சுரங்கப் பாதை, ஒரு பனிப்பொழிவு ராத்திரி. எழுத எழுத வேகமாக வந்தது, ஏனென்றால் இதெல்லாம் எங்கெங்கோ பார்த்தும் படித்தும் மனதில் தயாராகக் கிடந்த சாமான்கள். நான் இருப்பது பட்டீஸ்வரம் பக்கம். எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி, அது நாற்றங்கால் மேல் புகை மாதிரி படுத்திருக்கும், எட்டு மணிக்குள் போய்விடும். கோட்டையும் அப்படித்தான், தொட்டுப் பார்த்தது ஒன்றுமில்லை. என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள்தான் முதல் வாசகி. ஆறு அத்தியாயம் படித்துவிட்டு, "நல்லாருக்கு சித்தி, ஆனா இது எங்க நடக்குது?" என்று கேட்டாள். இன்னொன்றும் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு ஏன் பசிக்கவே மாட்டேங்குது?"

இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. பங்குனி முழுக்க ஒரு வரி எழுதவில்லை.

நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு வண்டியில் போகிற வழியில் சோழன்மாளிகை என்று ஒரு ஊர் வருகிறது. பெயர்தான் மாளிகை, இன்று வயலும் வீடுகளும். பக்கத்திலேயே பழையாறை, சோழர் அரண்மனை இருந்த ஊர். சுற்றி ஆரியப்படைவீடு, பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். நாலு ஊர்ப் பெயரிலும் படை நிற்கிறது. பதினைந்து வருஷமாக இந்தப் பலகைகளைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் முடிகொண்டான் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அரண்மனை இங்கேதானே இருந்தது, நான் ஏன் அதை மலைமேல் கொண்டுபோய் வைத்தேன் என்று யோசித்தேன். அங்கிருந்துதான் இரண்டாவது வடிவம் ஆரம்பித்தது.

சரித்திர நாவல் எழுதக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். சோழ அரசவை என்றதும் நம் எல்லோர் மனதிலும் வந்து உட்காருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமே போக வேண்டாம். என் நாட்டுக்குப் பெயரே கிடையாது. கதைக்குள் இருப்பவர்கள் 'நாடு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்டின் ஓடு, செங்கல், அளவு, பதவி எல்லாம் இந்த மண்ணிலிருந்து வர வேண்டும்.

அதற்காகத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் அச்சுப் பாடத்தை உட்கார்ந்து படித்தேன். கோயில் முடிந்தது 1010இல். அதில் தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆடவும் பாடவும் திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு, பழையாறை என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா (சிறகு என்றால் வீட்டு வரிசை), தலைவீடா இரண்டாம் வீடா என்று தபால்காரருக்குச் சொல்வது போல எழுதி, ஊர், கோயில், பெயர். சேரமங்கை, உதாரி, பட்டாலி, எடுத்தபாதம், ஏகவீரி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலைக்காரப் பெண்களின் வீட்டு முகவரி! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பெண்ணுக்கு உதாரி என்று பெயர் வைத்தேன். அவள் தோழிக்கு ஏகவீரி.

பட்டியலின் முடிவில் ஒரு ஏற்பாடும் சொல்லியிருக்கிறது. இவர்களில் யாராவது செத்துப்போனாலோ 'அநாதேசம்' போனாலோ, அடுத்த உரிமைக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரை ஆள் போட்டுச் செய்விக்க வேண்டும். அநாதேசம் என்றால் வேறு தேசம். என் கதையின் முதல் வரி அங்கிருந்து வந்தது: "தென்சிறகு மூன்றாம் வீட்டில் இருந்த என் பெரியம்மா அநாதேசம் போய்விட்டாள் என்று ஓலை வந்ததால், அவள் பங்குக்கு என்னைக் கூட்டிப்போனார்கள்." பெரியம்மா எங்கே போனாள் என்பதுதான் நாவல்.

அரசவையை மாற்றிய இன்னொரு இடமும் அதே கோயிலில்தான். கொடைகளையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லும் ராஜராஜனின் ஆணையில், நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும் என்று வரிசை வருகிறது. அக்கன் என்றால் அக்கா, குந்தவை. அரசன் தனக்கு அடுத்து அக்காவைச் சொல்கிறான், மனைவிமார் அதற்கப்புறம்தான். 'அக்கன்' என்று வீட்டில் கூப்பிடுவது போலவே சொல்லியிருப்பதை நான் பல தடவை வாய்விட்டுப் படித்தேன். என் கதையில் பட்டத்து ராணி, சூழ்ச்சிக்கார மந்திரி இருவரும் அன்றே வேலையை விட்டுப் போனார்கள். இப்போது அரசவையில் எல்லோரும் பயப்படுவதும் எல்லோரும் போய் நிற்பதும் அரசனின் அக்காவிடம்தான்.

கட்டடத்துக்குக் கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டுக்குப் போய்வந்தேன், அங்கேயும் ஒரு சோழர் அரண்மனை இருந்தது. கொள்ளிடம் தாண்ட வேண்டும், ஆனால் போனது வீண் இல்லை. அகழாய்வில் வெளிவந்த செங்கல் சுவர்களின் அடி தெரிகிறது. கூரை ஓடு, இரும்பு ஆணி எல்லாம் கிடைத்த இடம் அது. அப்படியென்றால் செங்கல், மரம், ஓடு. முற்றத்தை நான் சேர்த்துக்கொண்டேன். இங்கே சுரங்கப் பாதைக்கு வேலை இல்லை, ஆற்றங்கரை மண்ணில் ஆறடி தோண்டினால் தண்ணீர். ரகசியம் எப்படிப் பேசுவார்கள்? எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் அரண்மனையில் சதி எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நடக்கும், மழை விட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் மழை சட்டென்று நிற்கிறது, ஒருவர் மட்டும் நிறுத்த ஒரு நொடி தாமதமாகிறது, அந்த ஒரு நொடியில் விழுந்த பாதி வாக்கியத்தை உதாரி கேட்கிறாள். 7ஆம் அத்தியாயம். இதுவரை எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பசிக்கும் வழி செய்தாகிவிட்டது. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்தது, தக்காளி, உருளைக்கிழங்கும் அப்படித்தான், அதனால் அவை கிடையாது. மிளகு, புளி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. இதை வைத்து ஒரு சமையற்கட்டு தாராளமாக நடக்கும்.

இனி மாயம். இதில்தான் ரொம்ப நாள் போனது.

ஓலையில் எழுதுவது எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஓலை நாயகத்தை, அதாவது அரசனின் ஓலைகளைக் கவனிக்கிற அதிகாரியைப் பற்றி எழுத முடியவில்லை, அதனால் சித்திரையில் நானே செய்து பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் இளம் பனையோலை வெட்டிக் கொடுத்தார். நிழலில் காயவைத்து, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, மறுபடி காயவைத்து, சங்கால் தேய்த்தேன். முதல் கட்டு சுருண்டுபோனது. இரண்டாவது கட்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்த பிறகு நேராக வந்தது. எழுத்தாணிக்கு ஒரு பழைய கோணி ஊசியைத் தீட்டிக்கொண்டேன். பேனா மாதிரி கையை ஓட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு போகிறது. ஓலையை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரலை ஊசிக்கு அணையாகக் கொடுத்து, ஊசியை அதிகம் அசைக்காமல் ஓலையை நகர்த்த வேண்டும். அப்போது வளைவுகள் தானாக வருகின்றன. நேர்கோட்டை ஓலையின் நரம்போடு இழுத்தால் பிளந்துகொள்கிறது. எழுதி முடித்ததும் ஒன்றுமே தெரியாது, வெறும் ஓலை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் மேலே இருக்கிற கரி போய் கீறலுக்குள் மட்டும் நிற்கும். எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வருகிறதைப் பார்க்க வேண்டும்!

அப்புறம் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தேன். ஓட்டை விழுந்தது.

பழைய ஓலைகளில் ஏன் புள்ளி வைப்பதில்லை என்று அந்த ஓட்டையைப் பார்த்ததும் கைக்குப் புரிந்துவிட்டது. புள்ளி இல்லையென்றால் மெய்யா உயிர்மெய்யா என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதோடு எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் அப்போது ஒரே ஒற்றைக் கொம்புதான். நாம் இன்று எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு வீரமாமுனிவர் கொண்டுவந்தது, 18ஆம் நூற்றாண்டு. (அவர் இருந்த ஏலாக்குறிச்சி கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில்தான் இருக்கிறது.) ஆக, ஓலையில் 'கேட்டான்' என்று எழுதினாலும் 'கெட்டான்' என்று எழுதினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். "இளவரசன் கேட்டான்." "இளவரசன் கெட்டான்." திண்ணையில் அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, அக்கா வந்து விளக்கு போட்ட பிறகுதான் இருட்டியதே தெரிந்தது.

அதுவே மாயத்தின் விதியானது. என் நாட்டில் அரசன் ஓலையை ஆற்றில் முக்கினால் ஆறு அதைப் படிக்கும், படித்தபடி செய்யும். மடையைத் திறக்கும், கரையை உடைக்கும், ஆளை இழுக்கும். இளவரசன் தண்ணீர் கேட்டான் என்று எழுதிய ஓலையை ஆறு கெட்டான் என்று படித்துவிடுகிறது. தவறு எழுதியவருடையதா, முக்கியவருடையதா, ஆற்றினுடையதா? பெரியம்மாதான் அந்த ஓலையை எழுதியவள். இன்னொரு விதியும் உண்டு, ஆறு படித்த ஒவ்வொரு ஓலைக்கும் எழுதியவருக்கு ஒரு சொல் போய்விடும். வாயிலிருந்தும் மனதிலிருந்தும்.

கதையை உதாரியே சொல்கிறாள் என்பதால், அவள் இழந்த சொல்லை அதற்கப்புறம் நானும் எழுதக் கூடாது. 9ஆம் அத்தியாயத்தில் அவள் 'உப்பு' என்ற சொல்லை இழக்கிறாள். துறைமுக ஊரில் பிறந்த பெண், உப்பளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அதற்கப்புறம் அவள் "கடல் போனபின் பாத்தியில் மிஞ்சுகிற வெள்ளை" என்று சுற்றிச் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையற்கட்டில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், அவள் காதில் அந்த இடம் மட்டும் காலியாக விழுகிறது. இழந்த சொற்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்: உப்பு, ஏணி, தும்பி, நேற்று. 'நேற்று' போனதும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூன்று அத்தியாயத்தை மறுபடி எழுதினேன், கடந்ததைச் சொல்ல அவளுக்கு 'போன விடியல்' என்று ஒரு பழக்கம் வந்த பிறகுதான் நடை சரியாக வந்தது. அக்கா மகள் உப்பு போன அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடும்போது ரசத்தில் ஒன்று குறைகிறது என்பதை, அந்தச் சொல்லைச் சொல்லாமல், கையைக் காட்டிக் கேட்டாள்.

சரியாக வராததும் இருக்கிறது. படைக்காட்சி வரவில்லை, அரசனைக் காக்கிற படைக்கு வேளக்காரப் படை என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். அரசனின் பேச்சு இன்னும் மேடை நாடகம் மாதிரி இருக்கிறது. அக்காவிடம் பேசும்போது மட்டும் அவன் மனிதனாக இருக்கிறான், அதனால் அவனுக்கு அவளோடு இன்னும் இரண்டு காட்சி கொடுக்கப்போகிறேன். காலை நாலரை முதல் ஆறு வரைதான் எனக்கு நேரம். சம்பா நடவு சமயத்தில் கடையில் கூட்டம் தாங்கவில்லை, புரட்டாசி முழுக்க ஒரே ஒரு அத்தியாயம்தான் எழுத முடிந்தது.

இப்போது 19. உதாரி அரசனின் அக்கா முன்னால் நின்று, பெரியம்மா எழுதிய ஓலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி அவள் ஒரு ஓலை எழுதி ஆற்றில் விட்டிருக்கிறாள், ஆகவே ஒரு சொல் போக வேண்டும். தாளில் இரண்டு சொல் எழுதி வைத்திருக்கிறேன்: 'கரை', 'அக்கா'. கரை போனால் வெள்ளக்காட்சி முழுவதையும் அந்தச் சொல் இல்லாமல் எழுத வேண்டும். அக்கா போனால் அந்த அம்மாளை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் சபை நடுவில் வாய் திறந்தபடி நிற்பாள். அக்கா மகளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா வேண்டாம் சித்தி," என்றாள், "நீ எப்படி எழுதுவே?"