வலி இருக்கா?

நர்சிங் பள்ளி முதல்வராக இருந்த காலத்தில் என் மேஜையை அடைத்துக்கொண்டு கிடந்தவை டூட்டி லிஸ்ட், ஹாஸ்டல் பஞ்சாயத்து, இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல். ஆராய்ச்சியெல்லாம் சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான்.

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் தோள்வலி, கழுத்துவலி பற்றிய ஆய்வை அப்படித்தான் தொடங்கினேன். முப்பது கேள்விகள் கொண்ட படிவம். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டாயிற்று. மாணவிகளோடு தெருவில் இறங்கினால், ‘வலி இருக்கா?’ என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில்: “ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்.” மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். பேசும்போதும் விரல்கள் நிற்கவில்லை. கூலிக்கணக்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதானே.

திரும்பும் பஸ்ஸில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க மேடம். முடியலன்னு தெரிஞ்சா பீடிக்கடையில குடுக்கிற இலையைக் குறைச்சிருவாங்க, பீடித் தொழிலாளி கார்டும் போயிரும்னு பயம்.” பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1976இல் வந்தது. அந்த நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகையில் படித்தவள் அவள். பிளஸ் டூ வரை தானும் பீடி சுற்றியவள். ஆய்வுக்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டு நாங்கள் நீட்டிய காகிதம் அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

செவிலியர் தினமான மே 12 வந்தால் விளக்கேற்றி நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுக்கிறோம். போட்டோவுக்கும் எடுப்பாகத்தான் இருக்கிறது. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியவரும் அவர்தான். அதை நானே வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. ஆனால் அவர் எண்ணியது சாவை. அது பதிவேட்டில் இருந்தது. எங்களுக்கோ அந்தப் பெண்கள் வாய் திறந்தால்தான் கணக்கு.

சரி என்று படிவத்தை அந்த மாணவியிடமே கொடுத்துவிட்டேன். மெஸ்ஸில் உட்கார்ந்து, தோழிகளோடு சேர்ந்து ‘வலி’ என்ற சொல்லையே அடித்துவிட்டாள். ‘தண்ணிக்குடத்தை எந்த இடுப்பில் வைப்பீங்க?’ ‘தலை சீவ கையைத் தூக்க வருதா?’ இந்த விவரம் பீடிக்கடைக்குப் போகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். மறுபடி குழுவின் ஒப்புதலுக்குப் போய், அது ஒரு மாதம் இழுத்தது.

திரும்பப் போன முதல் வீட்டில் அந்த அம்மாள் சீவும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து மகள்தான் குரல் கொடுத்தாள்: “மூணு வருசமா நாந்தான் சீவி விடுதேன்.”