கயிறு இழுக்கட்டும், முதுக விட்ருங்க

மாங்கா சீசன்ல லீவுக்கு வந்தவன் தோப்புப் பக்கமே போகாம மூணு நாள் கட்டில்ல கெடந்தேன், காவேரிப்பட்டணத்துல எங்க தெருவுக்கே தெரியும். ஏர்போர்ட்ல பெட்டி தூக்குனப்ப புடிச்சிக்கிச்சுன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அது அபுதாபில வேக்போர்டிங் போயி வாங்கிட்டு வந்த வலி. நம்ம ஊர்ப் பசங்க நெறைய பேர் இப்ப கல்ஃப்ல இருக்கீங்க, லீவு நாள்ல இதெல்லாம் போறீங்க, அதான் எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு, நாலரை அடி பலகை ஒண்ணுல ரெண்டு காலையும் பூட்ஸ் மாதிரி மாட்டிக்கணும், முன்னாடி மோட்டார் படகு, அதுல கட்டுன கயிறோட கைப்பிடிய புடிச்சிக்கிட்டு தண்ணி மேல நின்னு போவணும். புதுசா பழகறவங்களுக்கு மணிக்கு 28, 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுவாங்க. அவ்வளவு சந்தோஷமான வெளையாட்டு, நான் இன்னும் விடறதா இல்ல.

அன்னிக்கு நான் பெருசா விழவே இல்ல. நாலாவது ரவுண்டு முடிஞ்சி கை கால் எல்லாம் ஓஞ்சி போச்சு, இருந்தாலும் இன்னொண்ணு போலாம்னு எறங்கி, அதுல ஆறேழு தடவ எழுந்திருக்க முயற்சி பண்ணி முடியாம விட்டுட்டேன். மறுநா காலைல பல்லு வெளக்கிட்டு வாய் கொப்பளிக்க குனிஞ்சேன், இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் இறுகிப் போயி நிமிர முடியல. அதோடவே ஃப்ளைட் ஏறி பெங்களூர்ல எறங்கி அங்கருந்து கார்ல ஊருக்கு, உக்காந்தே வந்ததுல இன்னும் மோசம்.

இங்க முதல்ல காமிச்ச எடத்துல பெல்ட்டு ஒண்ணு குடுத்து ரெண்டு வாரம் அசையாம படுங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு நாள் படுத்தேன், நாளுக்கு நாள் வெறப்புதான் ஏறுச்சு. அப்பறம் சித்தப்பா சொல்லி தர்மபுரில ஒரு பிசியோதெரபி மேடத்துகிட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே "விழுந்தீங்களா தம்பி, இழுத்தீங்களா?". இழுத்தேங்க மேடம்னேன். அப்ப தரைல உக்காந்து எப்படி எழுந்திருப்பீங்கன்னு காட்டுங்கன்னாங்க. காட்டுனேன், கைப்பிடிய நெஞ்சுக்கு இழுத்து, முதுக வளைச்சி, கால சீக்கிரமா நீட்டிட்டேன். அங்கதான் தப்புன்னாங்க.

விஷயம் இதுதான். படகு கெளம்பறப்ப நாம தண்ணில மல்லாந்து மெதந்துகிட்டு இருப்போம், பலகை குறுக்கால இருக்கும். அவசரப்பட்டு கால நீட்டி நின்னா பலகை தண்ணிய ஒரு செவுரு மாதிரி தள்ளும், அந்த மொத்த பாரமும் கயிறு வழியா கைக்கு வந்து அங்கருந்து அடி முதுகுல எறங்கும். அதுக்கு பதிலா முட்டிய நெஞ்சோட சேத்து உருண்டையா இருந்து, கைய நேரா நீட்டி, குண்டி குதிகால தொடற மாதிரி வச்சிக்கிட்டு சும்மா காத்திருந்தா படகே நம்மள தூக்கிரும். பலகை தண்ணிக்கு மேல வந்தப்பறம் மெதுவா தொடையால எழுந்தா போதும். நின்னப்பறமும் இடுப்புல மடங்கி குண்டிய பின்னாடி தள்ளி நிக்கறது புதுசா போற எல்லாரும் பண்றது, முதுகுக்கு அதவிட கெடுதல் கெடையாது. முட்டி மடங்கணும், நெஞ்சு நிமிரணும், கைப்பிடி முன்கால் இடுப்புக்கிட்ட தாழ்வா இருக்கணும். அலை தாண்டி குதிக்கறவங்க கால வெறப்பா வச்சி எறங்காதீங்க, அந்த அடி நேரா முதுகெலும்புக்கு போவும்.

இத வீட்டுலயே பழகுனேன். மாட்டுக்கொட்டாய் தாம்புக் கயிறு ஒண்ணு எடுத்து நடுவுல மம்பட்டி புடி முறிஞ்சி கெடந்தத கட்டி, நான் களத்துல முட்டி மடக்கி உக்காந்துக்குவேன், தம்பி அந்தப் பக்கம் நின்னு மெதுவா இழுப்பான். முதல் நாள் பத்து தடவைல எட்டு தடவ என்ன அறியாமலே முழங்கை மடங்கிரும். "ண்ணா கைய மடக்காத, நான்தான் இழுக்கறனே"ன்னு அவன் கத்திக்கிட்டே இருப்பான். நாலாம் நாள்தான் கை தானா நேரா நின்னுச்சு, எழுந்திருக்கறப்ப தொடை எரியுது, முதுகுல ஒண்ணுமே இல்ல, அந்த நிமிஷம் எனக்கு கண்ணே கலங்கிருச்சு.

இன்னொண்ணு குனியறது. மேடம் சொன்னபடி ஒரு நேரான கழி வேணும், வீட்டுல மாங்கா பறிக்கற தொரட்டி இருந்துச்சு, கொக்கிய கழட்டிட்டு முதுகோட சேத்து புடிச்சேன். பின்மண்டை, மேல் முதுகு, வால் எலும்பு, மூணு எடத்துலயும் கழி ஒட்டியிருக்கணும், அப்படியே இடுப்ப பின்னாடி தள்ளி குனியணும். ஒரு எடம் விட்டுப் போச்சுன்னா முதுகு வளையுதுன்னு அர்த்தம். தண்ணி கொடம் தூக்கறதுக்கும் இதேதான்.

பயிற்சின்னு பாத்தா மூணுதான். கனடா வாட்டர்லூ யுனிவர்சிட்டில முதுகெலும்ப பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ண பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் சொல்ற மூணு. மல்லாந்து படுத்து ஒரு முட்டி மடக்கி, இடுப்புக்கடியில கைய வச்சி தலையையும் தோளையும் மட்டும் துளி தூக்கறது, ஒருக்களிச்சி முழங்கைல ஊனி இடுப்ப தூக்கறது, முட்டி போட்டு குனிஞ்சி வலது கையும் இடது காலும் நீட்டறது அப்பறம் மாத்தி. ஒவ்வொண்ணும் 10 செகண்ட் புடிச்சி விடணும், ரொம்ப நேரம் தம் கட்ட வேண்டாம். தினமும் விடாம செய்யணும், அவ்ளோதான். இதோட கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் பக்கம் போயி காலைல அரை மணி நேரம் நடந்தேன், முதல் ரெண்டு நாள் பத்து நிமிஷத்துக்கு மேல முடியல, அப்பறம் கூடிருச்சு.

அம்மா நொச்சித் தழை போட்டு கொதிக்க வச்சி இடுப்புல ஊத்துவாங்க, இறுகுன சதை எளகறதுக்கு அந்த சூடு ரொம்ப எதமா இருந்துச்சு. தூங்கறப்ப ஒருக்களிச்சி ரெண்டு முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சேன். வலி மாத்திரைய கடைல நீங்களா வாங்கி நாள் கணக்கா போடாதீங்க, வயிறு, கிட்னி பிரச்சன இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே கூடாது.

ஒண்ணு கண்டிப்பா கேளுங்க. கால் மரத்துப் போறது, கால்ல பலம் கொறையறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறது, தொடை நடுவுல உணர்ச்சி இல்லாம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் நொச்சித் தண்ணி, பயிற்சி எதுவும் வேண்டாம், அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பலமா விழுந்தப்பறம் வந்த வலியும், காய்ச்சலோட வர்ற வலியும் அப்படித்தான். மத்தபடி இந்த மாதிரி சதைப் புடிப்பு பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிரும், பயப்படாதீங்க.

எனக்கு அஞ்சாவது வாரம் நடக்குது. குனியறேன், நிமிர்றேன், நேத்து தோப்புல ரெண்டு கூடை பெங்களூரா மாங்கா கூட தூக்குனேன், தொரட்டி பழக்கம் மறக்காம. அடுத்த வாரம் கெளம்பறேன். போனதும் முதல் நாள் ரெண்டே ரவுண்டு, தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி கரைல பத்து நிமிஷம் இடுப்பு, தொடை எல்லாம் அசைச்சி சூடாக்கறது, கை ஓஞ்ச உடனே கரையேறறது, இத ரூம்ல இருக்கற பசங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த தாம்புக் கயிற அம்மா கழுவி காயப் போட்டுருக்காங்க, மம்பட்டி புடியோட பெட்டில வச்சி எடுத்துட்டு போறேன்.