எத்தனை என்று டாக்டர் கேட்டார்

குடியாத்தத்தில் 22 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். "மேற்படி சொத்தின் பேரில் எவ்வித வில்லங்கமும் இல்லை" என்ற வரியை என் கை தூக்கத்திலும் எழுதும். ஆனால் விற்பவர் வாயால் சொல்வதை நம்பி எழுதிவிட மாட்டேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, தாய்ப் பத்திரத்தை வாங்கிப் படித்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். என் நெஞ்சு விஷயத்தில் டாக்டர்களுக்கு அந்த வசதி இல்லை. நான் சொன்னதைத்தான் அவர்கள் நம்பவேண்டியிருந்தது. நானும் வில்லங்கம் இல்லை என்றே சொல்லிவந்தேன்.

அது தொடங்கியது 15 வயதில். எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றுவார். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிடுவார். காலையில் தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டுவார். மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் வெட்டிய இலை, மறுபக்கம் புகையிலைத் தூள். தூளைப் பரப்பி விரலால் ஓர் உருட்டு, முனையில் ஒரு மடிப்பு, நூலால் இரண்டு சுற்று. பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், கை நிற்காது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் தளர்ந்தது, கோணலானது என்று சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த பீடிகள்தான் நான் முதன்முதலில் பிடித்தவை. அம்மா தன் வாழ்நாளில் ஒரு பீடி பிடித்ததில்லை. ஆனாலும் அந்தத் தூளைச் சுவாசித்தே அவருக்கு இருமல் வந்தது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இந்த இருமல் தெரியாத தெரு குறைவு.

பிறகு சிகரெட்டுக்கு மாறினேன். 31 வயதில் வீசிங் வந்தது. ஆஸ்துமா என்றார்கள். உள்ளூர் டாக்டர் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தியோஃபிலின் மாத்திரையும் நீல நிற இன்ஹேலரும் எழுதிக் கொடுத்து, "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். "விட்டுவிட்டேன் டாக்டர்" என்றேன். காலையில்தான் கடைசியாகப் பிடித்திருந்தேன், அந்தக் கணக்கில் அது உண்மையும்கூட.

அடுத்த 15 ஆண்டுகள் இப்படியே ஓடின. வேலை அப்படி. பத்திரம் எழுதக் கட்சிக்காரர் வருவார், சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் அழைக்கும் வரை டீக்கடையில் நிற்கவேண்டும். டீ வந்தால் சிகரெட்டும் வரும். இழுப்பு வந்தால் இன்ஹேலரை இரண்டு அழுத்து அழுத்துவேன். மூச்சு திறந்ததும் அந்த நிம்மதியில் இன்னொன்று பற்றவைப்பேன். நீல நிற இன்ஹேலர் இறுகிய மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதேயில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிப் பனியில், விடிகாலை 3 மணிக்கு மூச்சு நின்றுபோனது போல் ஆகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இருந்தேன். "என்னங்க, என்னங்க" என்று என் மனைவி முதுகைத் தடவுகிறாள். "ஆட்டோ" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு மூச்சு தேவைப்பட்டது. நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடிந்த பிறகுதான் ஆள் ஆனேன். அதன் பிறகு மகள் விடவில்லை. பள்ளிகொண்டா வழி பஸ்ஸில் வேலூருக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். முதலில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுத்து, 'இன்னும், இன்னும், இன்னும்' என்று பக்கத்தில் ஒருவர் கத்த, காற்று தீர்ந்த பிறகும் ஊதவேண்டும். பிறகு மருந்தை இழுக்கவைத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, மறுபடி ஊதல். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறியிருந்தது. குழாய் நிரந்தரமாகக் கெட்டுவிடவில்லை, திறக்கக்கூடியதுதான் என்றார். பிறகு கேட்டார்: "சிகரெட் ஒரு நாளைக்கு எத்தனை?"

மகள் பக்கத்தில் இருந்தாள். "எப்போதாவது, இரண்டு மூன்று" என்றேன்.

உண்மையில் எத்தனை என்பது எனக்கே தெரியாது. நான் பெட்டியாக வாங்கியதே இல்லை. சில்லறையாக ஒன்று, ஒன்று என்றுதான் வாங்குவேன். பெட்டியாக வாங்குகிறவனுக்கு மாலையில் கணக்கு தெரிந்துவிடும். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் அச்சிட்டிருக்கும் அந்தக் கோரப் படத்தையும் அவன் பார்த்தே ஆகவேண்டும். சில்லறைக்காரனுக்குப் படமும் இல்லை, கணக்கும் இல்லை.

டாக்டர் தினமும் இரு வேளை இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தார். பிளாஸ்டிக் கூண்டு போன்ற ஸ்பேசரில் பொருத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்கவேண்டும். இத்தனை ஆண்டுகள் நான் இன்ஹேலரை நாக்கில் அடித்துக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. மகளின் வற்புறுத்தலில் பொங்கலன்று சிகரெட்டையும் விட்டேன். எப்படி விட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 20 ரூபாய் பத்திரத்தாள் வாங்கி, "நான் எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவோடு, சுயபுத்தியோடு எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். மனைவியும் மகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாம் நாள் ஒரு பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி இருவரும் என் மேசையிலேயே அடித்துக்கொண்டார்கள். அதை முடித்துவிட்டு எழுந்த கால் நேரே டீக்கடைக்குப் போனது. கயிற்றில் கட்டித் தொங்கும் அந்த லைட்டரைப் பிடித்த பிறகுதான் பத்திரமே ஞாபகம் வந்தது.

ஜனவரி முடிவில் இரண்டாவது முறை வேலூர் போனேன். மூச்சு பெரிதாக முன்னேறவில்லை. டாக்டர் யோசித்துவிட்டு, மருந்தின் அளவைக் கூட்டலாம் என்று எழுதத் தொடங்கினார். மகள் மருந்துக்கடை வரிசையில் இருந்தாள். எனக்கு அந்தப் பேனா ஓடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பத்திரத்தில் தவறாக எழுதிய நான்கெல்லையை நம்பி ஒருவர் பணம் எண்ணுவதைப் பார்ப்பது போல் இருந்தது.

"டாக்டர், இரண்டு மூன்று இல்லை. பன்னிரண்டு இருக்கும். டோக்கன் அதிகமான நாளில் பதினைந்து."

அவர் திட்டவில்லை. எழுதியதை அடித்தார். புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் இந்த ஸ்டீராய்டு சரியாக வேலை செய்வதில்லை, வீக்கத்தின் தன்மையே மாறிவிடுகிறது, அதனால் நான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவேன், நீங்கள் அதைக் கெடுத்துக்கொண்டே போவீர்கள் என்றார். பிறகு சிகரெட்டை விட ஒரு தேதி குறிக்கச் சொன்னார். பிப்ரவரி 10 என்றேன். அதுவரை ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொன்றையும் எந்த நேரம், எதற்காக என்று எழுதிவைக்க வேண்டும். குறைக்கக்கூட வேண்டாம், எழுதினால் போதும் என்றார்.

அந்த நோட்டுதான் எனக்கு வில்லங்கச் சான்று. முதல் நாள் 14. அதில் மனம் கேட்டுப் பிடித்தது மூன்றோ நான்கோதான்: எழுந்தவுடன், சாப்பிட்ட பின், கடையைப் பூட்டியதும். மீதி எல்லாம் கட்சிக்காரர் நீட்டினார், டீ வந்தது, பேனா மை காய்ந்தது என்று சாக்குகள்.

பிப்ரவரி 10 முதல் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் மெல்லும் முறை தெரியாமல் மென்றால் விக்கல்தான் வரும், எனக்கு வந்தது. நாலு கடி கடித்துக் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி கடிக்கவேண்டும், அரை மணி நேரம் இப்படி. காபி, சோடா குடித்த உடனே போட்டால் வாயில் அது சரியாக ஏறாது. முதல் மூன்று நாட்கள் நான் மனிதனாக இல்லை. மூன்றாம் நாள் ஒரு கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரும் விற்பவர் பெயரும் இடம் மாறிவிட்டன. அன்று இரவு, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசினேன். எண்ணைப் பார்க்க மகள் தெருமுனைக் கடையில் காலிப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவரவேண்டியிருந்தது. தமிழில் பேசினார்கள். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தானாக வடியும், அதுவரை எதையாவது செய்யுங்கள் என்றார்கள். நான் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் காலிக்குடமே இல்லை.

எனக்கு ஏற்பட்ட பெரிய பயம் வேறு. ஆறாம் நாள் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, குமட்டல், இரவில் தூக்கமே இல்லை. சிகரெட்டை விட்டதால்தான் இப்படி, ஒன்று பிடித்தால் சரியாகிவிடும் என்று உடம்பு வாதாடியது. டாக்டருக்குப் போன் செய்தேன். "அந்தப் பழைய தியோஃபிலின் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை அவரிடம் சொல்லவுமில்லை, 15 ஆண்டுப் பழக்கம் மருந்து என்றே தோன்றவில்லை. உடனே ரத்தம் சோதித்தார்கள். மருந்து அளவுக்கு மீறி இருந்தது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, அந்த மருந்தை வேகமாக வெளியேற்றவைக்கும். புகை நின்றதும் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். மருந்து உள்ளேயே தேங்கும். நிகோட்டின் கம்மில் புகை இல்லாததால் அது இந்த வேலையைச் செய்வதில்லை. டீ, காபியில் உள்ள கஃபீனுக்கும் இதே கதைதான். அதே ஆறு டீ, இப்போது இரட்டிப்பு டீ மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார், டீயை மூன்றாக்கினார். மூன்று நாளில் தூக்கம் வந்தது. தியோஃபிலின் சாப்பிடுகிறவர் யாராவது சிகரெட்டை விடப்போவதாக இருந்தால், தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இரண்டாம் வாரம் இருமல் கூடியது. விட்ட பிறகு ஏன் கூடுகிறது என்று மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலையைத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். மார்ச்சில் அது அடங்கியது. தினமும் காலையில் ஊதிப் பார்க்கும் சின்னக் கருவியில் முள் 240-இல் தொடங்கி, ஏப்ரல் கடைசியில் 370-ஐத் தொட்டது. வேலூர் மாவட்ட வெயிலில், மின்சாரம் போன ஒரு மதியம், மாடிப்படி ஏறி மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கிவந்த பிறகுதான் நடுவில் நான் எங்கும் நிற்கவில்லை என்பது உறைத்தது. மின்சாரம் இல்லாதபோது சுவிட்சைப் போட எதற்குப் போனேன் என்று மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வைகாசி 1, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலை ஊர்வலமாகப் போகும் நாள். குடியாத்தத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் நான்கு பேர். கற்பூரப் புகையும் வெடிப்புகையும் தாங்காது என்று கூட்டத்தை விட்டு ஒதுங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவன்தான் நான். சிரசு போய்க் கொஞ்ச நேரம் கழித்து, பழைய நாள் போல் ஒருவன் நீட்டினான், பழைய நாள் போல் கை வாங்கியது. ஒன்று முழுதாக. பிறகு இன்னொன்றில் பாதி. மறுநாள் காலை முள் 310. நோட்டில் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாளிலிருந்து மறுபடி கம், மறுபடி குடம்.

ஜூனில் வேலூர் போனேன். இந்த முறை தனியாக. ஊதல் முடிந்தது, அளவு நன்றாக இருந்தது, ஸ்டீராய்டைக் கூட்டவேண்டியதில்லை என்றார். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே, "பிப்ரவரி 10-க்குப் பிறகு எத்தனை?" என்றார்.

"ஒன்றரை" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அரை எப்படி?"

"மீதியைச் சிநேகிதன் பிடுங்கிக்கொண்டான்."

கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் அரை ஏறவில்லை. இரண்டு என்று போடட்டுமா?" என்றார்.

போடுங்கள் என்றேன்.